சிரிக்க வைத்த முகம், குற்றவாளிக் கூண்டில்: என்.எஸ்.கிருஷ்ணனுக்கு ஜூரி கொடுத்த தீர்ப்பும் அது கவிழ்ந்த கதையும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் ஹைகோர்ட் நடக்கிற தூரம்தான். இந்த லைனில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். 1945-ம் ஆண்டின் தொடக்கத்தில் அப்படி வந்து இறங்கிய ஒருவர், ஒரே முகத்தை இரண்டு இடங்களில் பார்த்திருக்க முடியும். ஒன்று, பக்கத்திலேயே இருந்த பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த ‘ஹரிதாஸ்’ படத்தில். இன்னொன்று, ஹைகோர்ட்டின் குற்றவாளிக் கூண்டில்.

அந்த முகம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுடையது. தியேட்டரில் அதைப் பார்த்து ஊரே சிரித்தது. கோர்ட்டில் அதே முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஜூரி, அவரைக் குற்றவாளி என்றது.

ஒருவரின் முகத்தைப் பார்த்து அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று சொல்ல முடியுமா? உலகம் முழுக்க ஜூரி முறை உள்ள நாடுகளில் இன்றும் கேட்கப்படும் கேள்வி இது. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைப் பேச என்.எஸ்.கே.வின் வாழ்க்கையைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

யார் இந்த என்.எஸ்.கே?

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். வீட்டில் வறுமை. பள்ளிப்படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், வில்லுப்பாட்டு கற்றுக்கொண்டார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

1930-களின் நடுவில் ‘மேனகா’, ‘சதிலீலாவதி’ படங்கள் மூலம் சினிமாவுக்கு வந்தார். ‘வசந்தசேனா’ படத்தில் நடித்தபோது டி.ஏ.மதுரம் அறிமுகமானார். திரையில் ஜோடி, பிறகு வாழ்க்கையிலும் ஜோடி. இருவரும் வரும் காட்சிகளுக்காகவே கூட்டம் வந்தது. கதை எழுதப்பட்ட பிறகு காமெடி டிராக்கைத் தனியாக உருவாக்கிச் சேர்க்கும் வழக்கம் இவரால்தான் வலுவானது.

இவருடைய நகைச்சுவையில் அடிதடி குறைவு. புருவம், கண், உதட்டோரம் இவைதான் அவருடைய மூலதனம். சீரியஸாக ஒன்றைச் சொல்லிக்கொண்டே முகத்தால் அதற்கு வேறு அர்த்தம் கொடுத்துவிடுவார். மூடநம்பிக்கை, சாதி, குடி என்று எதைத் தொட்டாலும் யாரும் கோபப்படாத மாதிரி சொல்லிவிட்டுப் போவார்.

என்ன வழக்கு?

லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையை நடத்திவந்தார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் எம்.கே.தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கே., இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் உரிமம் ரத்தானது. ஆனா லட்சுமிகாந்தன் நிறுத்தவில்லை. ‘இந்துநேசன்’ என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்.

1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் தன் வக்கீலைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பும்போது அவரை வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். அடுத்த நாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். ‘ஹரிதாஸ்’ வெளியாகி அப்போது மூன்று வாரங்களே ஆகியிருந்தன. டிசம்பர் கடைசியில் பாகவதரும் என்.எஸ்.கே.வும் கைது செய்யப்பட்டார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். நடிகர்கள் மீதான குற்றச்சாட்டு, அவர்களே குத்தினார்கள் என்பதல்ல. கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது. அரசுத் தரப்பு முக்கியமாக நம்பியது அப்ரூவராக மாறிய ஒருவரின் சாட்சியத்தை.

ஜூரி எப்படி முடிவு செய்தது?

இப்போது நம் ஊரில் ஜூரி கிடையாது. அன்று ஹைகோர்ட் நடத்தும் கொலை வழக்குகளில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி உட்காரும். இவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. சாட்சிகளைக் கேட்டு, வக்கீல்களின் வாதத்தைக் கேட்டு, நீதிபதியின் விளக்கத்தையும் கேட்டுவிட்டு, குற்றவாளியா இல்லையா என்று மட்டும் சொல்வார்கள். ஒன்பதில் ஆறு பேர் ஒரே முடிவுக்கு வந்து, நீதிபதியும் அதை ஏற்றால் போதும்.

முக்கியமான விஷயம்: ஏன் அப்படி முடிவு செய்தோம் என்று ஜூரி சொல்லத் தேவையில்லை. அப்ரூவரின் பேச்சை நம்பினார்களா, கூண்டில் நிற்பவரின் முகம் பிடிக்கவில்லையா, எதுவும் எழுத்தில் வராது.

நீதிபதி மாக்கெட் முன் நடந்த விசாரணையில், 1945 மே மாதம் பாகவதரும் என்.எஸ்.கே.வும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். நடிகர்கள் இருவருக்கும் ஆயுள் தண்டனை. மூன்று பேரில் திரையில் முகம் தெரிந்த இருவரும் உள்ளே, கேமராவுக்குப் பின்னால் நின்றவர் வெளியே. ஒவ்வொருவர் மீதான சாட்சியமும் வேறு வேறு என்பதால், முகம்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதே சமயம், முகம் காரணமே இல்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. ஜூரி தீர்ப்பின் சிக்கலே இதுதான்.

கூண்டில் நிற்கும் ஒரு காமெடியனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சிரித்தால், கொலை வழக்கில்கூட இளிக்கிறான் என்பார்கள். கண் கலங்கினால் நடிக்கிறான் என்பார்கள். எதுவும் காட்டாமல் நின்றால் நெஞ்சழுத்தக்காரன். நடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு நம்பகமான முகம் என்று எதுவுமே மிச்சமிருக்காது.

முகம் தீர்ப்பை மாற்றுமா?

மாற்றியிருக்கிறது என்பதற்கு உலகில் உதாரணங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1980-ல் லிண்டி சேம்பர்லைன் என்பவரின் ஒன்பது வாரக் குழந்தை காணாமல் போனது. டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிப் போய்விட்டதாக அவர் சொன்னார். குழந்தையைப் பறிகொடுத்த தாய் இப்படியா அழாமல் இருப்பாள் என்று நாடே பேசியது. 1982-ல் ஜூரி அவரைக் கொலைகாரி என்றது. குழந்தையின் மேல்சட்டை 1986-ல் கிடைத்த பிறகு வெளியே வந்தார். 1988-ல் தண்டனை ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று 2012-ல் அதிகாரபூர்வமாகப் பதிவானது.

அமெரிக்காவில் 1992-ல் ரிக்கின்ஸ் என்பவரின் கொலைத் தண்டனையை அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. விசாரணையின்போது அவருடைய எதிர்ப்பையும் மீறி மனநோய் மருந்து கொடுத்திருந்தார்கள். அது அவருடைய தோற்றத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றி, ஜூரி முன் பாதகமாக முடிந்திருக்கலாம் என்பது கோர்ட் கவனித்த காரணங்களில் ஒன்று.

சரி, முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கவாவது முடியுமா? 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, மனிதர்கள் சரியாகச் சொல்வது 54 சதவீதம்தான். காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவே.

எப்படி வெளியே வந்தார்?

ஹைகோர்ட்டில் செய்த முதல் மேல்முறையீடு 1945 அக்டோபரில் தள்ளுபடியானது. அதனால், முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் படித்தாலே நியாயம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆனா காகிதத்துக்கு ஒரு வசதி உண்டு: அதில் காரணம் எழுதியிருக்கும். எழுதிய காரணத்தை எதிர்த்து வாதாட முடியும். வழக்கு லண்டன் ப்ரிவி கவுன்சிலுக்குப் போனது. அன்றைக்கு இந்தியாவுக்கு அதுதான் உச்ச நீதிமன்றம். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் முன் என்.எஸ்.கே.வின் முகம் இல்லை, வழக்கின் ஆவணங்கள் மட்டுமே இருந்தன. மேல்முறையீட்டைத் திரும்ப விசாரிக்கும்படி அவர்கள் உத்தரவிட்டார்கள். மறுவிசாரணையில் வக்கீல் எத்திராஜ் உள்ளிட்டோர் வாதாடினார்கள். சாட்சியத்தின் ஓட்டைகள் எடுபட்டன. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் போயிருந்தது. சேர்த்த பணமும் வழக்கில் கரைந்திருந்தது. அந்தக் காலத்தில் நாடகக் குழுவைத் தூக்கி நிறுத்தியவர்கள் மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும். அந்த முயற்சியில் உருவான ‘பைத்தியக்காரன்’ படத்தில், விடுதலையான கையோடு என்.எஸ்.கே.வும் நடித்தார்.

லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

பிறகு என்ன ஆனது?

ஒரே தீர்ப்பு, ஒரே விடுதலை. ஆனா இரண்டு நண்பர்களின் பாதையும் பிரிந்தது. பாகவதரின் புதிய படங்கள் எடுபடவில்லை. 1959 நவம்பர் 1 அன்று 49 வயதில் இறந்தார். என்.எஸ்.கே.வை ரசிகர்கள் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். 1949-ல் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ வந்தது. ‘மணமகள்’, ‘பணம்’ படங்களை அவரே இயக்கினார். 1956-ல் வந்த ‘ராஜா ராணி’யில், சிரிப்பில் எத்தனை வகை உண்டு என்று அவர் முகத்தாலேயே காட்டும் பாட்டு இன்றைக்கும் யூடியூபில் ஓடுகிறது. 1957 ஆகஸ்ட் 30 அன்று 48 வயதில் அவரும் போய்விட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தே பழகியவர் என்பதால் பெரிதாக எதையும் சேர்த்து வைக்கவில்லை.

ஜூரி முறை என்ன ஆனது?

1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியை ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விடுவித்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டித்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஜூரிமீது ஏற்கெனவே இருந்த சந்தேகம் இன்னும் வலுத்தது. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

இன்று தாம்பரம் கோர்ட்டிலோ செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டிலோ நிற்பவரைப் பார்த்து முடிவெடுப்பது நீதிபதி மட்டுமே. அவரும் மனிதர்தான், அவர் கண்ணிலும் முகம் படத்தான் செய்யும். ஆனா தீர்ப்புக்குக் காரணம் எழுதியாக வேண்டும். சாட்சி சொல்பவரின் நடத்தை முக்கியம் என்று தோன்றினால், அதையும் குறிப்பாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே 1973 சட்டம் சொன்னது. எழுதினால்தான் மேல் கோர்ட்டில் அதைக் கேள்வி கேட்க முடியும். என்.எஸ்.கே.வுக்கு ஜூரியிடம் கிடைக்காத வசதி அதுதான்.

தாம்பரம் லைனில் மாம்பலத்தில் இறங்கி தி.நகர் ஜி.என்.செட்டி சாலைக்குப் போனால் அவருடைய சிலை இருக்கிறது. 1969 ஜனவரி 14 அன்று, உடல்நலம் குன்றியிருந்த முதல்வர் அண்ணா வந்து திறந்து வைத்தது. மூன்று வாரத்தில் அண்ணாவும் மறைந்தார்.