ஊர்களுக்கு மருத்துவம் செய்த தாவரவியலார்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய செய்தியைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். அஞ்சத்தக்க ஆளை எம்டன் என்று சுட்டும் பேச்சு வழக்கே அன்று பிறந்ததுதான். அடுத்த மாதம் அதே எம்டன், இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த கிளான் கிராண்ட் என்னும் சரக்குக் கப்பலை மூழ்கடித்ததை அறிந்தோர் சிலரே. அக்கப்பலோடு கடலில் ஆழ்ந்தவற்றுள் ஒரு கண்காட்சியும் இருந்தது. நகரங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு செழித்தன, எவ்வாறு நோயுற்றன என்பதைக் காட்டும் படங்களும் வரைபடங்களுமாக ஒருவர் பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த செல்வம் அது. அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்கு வந்த அவருக்கு அப்போது வயது அறுபது. இழப்பைக் கேட்டு அவர் திரும்பிச் செல்லவில்லை. தாய்நாட்டிலிருந்த நண்பர்கள் விரைந்து திரட்டி அனுப்பிய புதிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சியைத் திறந்தார்.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படைவீரர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்தது. குன்றின் சரிவில் அமைந்த அவ்வீட்டின் தோட்டமே சிறுவனுக்கு முதற்பள்ளியாயிற்று. எடின்பரோவில் தாவரவியல் கற்கச் சென்றவர், பாடம் பிடிக்காமல் ஒரே வாரத்தில் வெளியேறினார். பின்னர் இலண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றபோது கண்நோய் தாக்கிற்று. இருட்டறையில் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடக்க நேர்ந்தது. நுண்ணோக்கியை நம்பி வாழ நினைத்த இளைஞருக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை. அந்த இருளில் தாளைக் கட்டங்கட்டமாக மடித்து, விரலால் தடவித் தடவிக் கருத்துகளைக் கட்டங்களில் நிறுத்தி, அவற்றின் உறவை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது. கண்பார்வை மீண்ட பின்னரும் அப்பழக்கம் போகவில்லை. மடித்த தாள்களிலேயே அவர் வாழ்நாள் முழுவதும் சிந்தித்தார்.

1886இல் ஆனா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். மணமான சிறிது காலத்தில் அவர்கள் குடிபுகுந்த இடம் எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில், அழுக்கும் நெரிசலும் மண்டிய ஜேம்ஸ் கோர்ட் என்னும் அடுக்குக் குடியிருப்பு. வசதியுள்ளோர் அனைவரும் கைவிட்டு அகன்ற இடம் அது. கெடிஸ் தம்பதியர் தாமே சுவருக்கு வெள்ளையடித்தனர். சன்னலில் பூச்செடி வைத்தனர். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு முற்றத்தைத் தூய்மை செய்தனர். இடிந்த மனைகளிலும் சந்து முனைகளிலும் சிறுசிறு தோட்டங்கள் தோன்றின. பிற்காலத்தில் மகள் நோரா இத்தோட்டப் பணியை முன்னின்று நடத்தினார். கட்டடம் முழுவதையும் இடித்துத் தள்ளாமல், கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, காற்றும் வெளிச்சமும் புகவிட்டு, குடியிருப்போரை அங்கேயே வாழவைக்கும் முறையை அவர் கற்றது நூல்களிலிருந்து அன்று, இந்தச் சந்திலிருந்துதான். காத்துச் செய்யும் அறுவை மருத்துவம் என்னும் பொருளில் அதற்குப் பெயரும் இட்டார்.

1888இல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்னும் அரிய ஏற்பாடு அது. எஞ்சிய மாதங்கள் நகரங்களுக்கு உரியவையாயின. 1892இல் எடின்பரோ கோட்டைக்கருகே ஒரு பழைய கோபுரத்தை வாங்கி நோக்குக் கோபுரமாக்கினார். உச்சியில் நின்று முதலில் தம் ஊரைக் கண்ணாரக் காணவேண்டும். கீழிறங்க இறங்க ஒவ்வொரு தளத்திலும் நகரம், நாடு, ஐரோப்பா, உலகம் எனப் பார்வை விரியவேண்டும் என்பது அமைப்பு. சொந்த ஊரை அறியாதவன் உலகை அறிய முடியாது என்பது அவர் துணிபு.

1909ஆம் ஆண்டளவில், இந்தியாவைக் காணுமுன்னரே, அவர் வகுத்த வரைபடம் ஒன்று தமிழ் கற்றோரைத் திகைக்கவைக்கும். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஓர் ஆற்றுச் சமவெளியின் குறுக்குவெட்டு அது. மலையில் சுரங்கத் தொழிலாளியும் மரம் வெட்டுவோனும், காட்டில் வேடனும், மேய்ச்சல் நிலத்தில் ஆயனும், வயலில் உழவனும், கரையில் மீனவனுமாக அதில் நிற்பர். இடம் தொழிலை உண்டாக்கும். தொழில் மக்களை உருவாக்கும். மக்கள் மீண்டும் இடத்தை மாற்றுவர் என்பது அதன் உட்பொருள். பிரெஞ்சு அறிஞர் லெ பிளேயிடம் பெற்ற வித்து இது. முதற்பொருளும் கருப்பொருளும் கூறி நானிலம் வகுத்த தொல்காப்பியத்தின் பக்கத்தில் இப்படத்தை விரித்து வைத்தால் ஒற்றுமை கண்ணுக்குப் புலப்படும். வேற்றுமையும் உண்டு, திணை காதலின் பின்புலமாக நிலத்தைக் கண்டது, கெடிஸ் ஊரின் வேராகக் கண்டார். மழைவரவு நோக்கி இருக்கும் முல்லைத் திணையையே மிகுதியாகப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார் பிறந்த மண்ணில் இதைச் சொல்வது பொருந்தும்.

சென்னைக் கண்காட்சிக்குப்பின் கெடிஸ் மாகாணத்து நகரங்கள் பலவற்றை நேரில் கண்டு அறிக்கைகள் எழுதினார். மதுரை, தஞ்சை, காஞ்சி, சேலம், கோயம்புத்தூர் ஆகியன அவற்றுள் சில. வண்டியில் அமர்ந்து ஊர் பார்ப்பது அவர் வழக்கமன்று. விடியற்காலையில் சந்துசந்தாக நடப்பார். கொல்லைப்புறம் வரை செல்வார். கிணற்றையும் சாக்கடையையும் மரத்தையும் குறித்துக்கொள்வார். மருத்துவன் நாடி பார்க்காமல் கத்தி எடுக்கலாகாது என்பதுபோல, ஊரை முழுதும் அளந்தறியாமல் ஒரு சுவரையும் இடிக்கலாகாது என்றார். கோயிலைச் சுற்றி வீதிக்குள் வீதியாக விரியும் மதுரையின் அமைப்பும், தேர் ஓடுவதற்கென்றே அகன்ற தெருக்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

அக்காலப் பொறியாளர் கண்ட மருந்து வேறு. கொள்ளைநோய்க்கு அஞ்சிய நகராட்சிகள் நெரிசலான குடியிருப்புகளின் குறுக்கே நேர்கோடு கிழித்து அகலச் சாலை போடத் திட்டமிட்டன. தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கும் அத்தகைய திட்டம் ஒன்று இருந்தது. கெடிஸ் அதே பகுதியை வீடுவீடாக அளந்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, இருக்கும் சந்துகளை ஆங்காங்கே சற்று விரித்து, கிடைத்த வெற்றிடங்களில் மரம் வைத்தால், மிகக் குறைந்த செலவில் அதே பயன் கிட்டும் என்று வரைந்து காட்டினார். வீடிழந்த ஏழை எங்கே போவான் என்னும் கேள்வியைத் திட்டம் வகுத்தோர் கேட்கவில்லை, அவர் கேட்டார். இடிக்கப்பட்ட தெருவின் மக்கள் அடுத்த தெருவில் போய் நெருக்குவர், நெரிசல் இடம் மாறுமேயன்றித் தீராது என்பது அவர் கண்ட விடை. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நகரங்கள் அதே கேள்வியைக் கேட்காமலே கடக்கின்றன.

குளங்களின்மீது அவர் கொண்ட பற்று தனித்துச் சொல்லத்தக்கது. கொசு பெருகும் என்று சுகாதார அதிகாரிகள் குளங்களைத் தூர்க்கச் சொன்னார்கள். மீன்களையும் வாத்துகளையும் விட்டால் கொசுப்புழுவை அவை தின்னும், குளம் ஊரைக் குளிர்விக்கும், குழாய் பழுதுபட்டால் உதவும் என்று அவர் மறுத்தார். கிணறுகளையும் மூட வேண்டாம் என்றார்.

அவர் அறிக்கை எழுதியவை பெரிய நகரங்கள். செட்டிநாட்டு ஊர்கள் அல்ல. எனினும் அவர் கருத்துக்கு உரைகல் வேண்டின் ஒக்கூர்ப் பக்கத்து ஊர்களே போதும். ஆறில்லாத வானம் பார்த்த பூமி இது. பெய்யும் மழையைப் பிடித்துவைப்பதே ஊரமைப்பின் முதல் இலக்கணமாயிற்று. ஓட்டுக்கூரையின் நீர் வளவின் நடுமுற்றத்தில் இறங்கும், அண்டாக்களில் நிறையும், மிகுதி வடிகால் வழியே ஊருணியைச் சேரும். ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டில் காற்று முன்னும் பின்னும் ஓடும். சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர் வெயிலை உள்ளே விடாது. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டுவந்த செல்வர்களும் ஊருணியை விட்டுவிடவில்லை. இன்று பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. பிரிக்கப்பட்டு, தூண் வேறு கதவு வேறாகக் காரைக்குடியில் விலைக்கு வந்தவையும் பல. தூணை விற்கலாம், முற்றத்துக் காற்றை யார் வாங்குவார்?

இந்தூர் அரசில் பணியாற்றியபோது கெடிஸ் செய்த ஒரு செயல் கதைபோல இருக்கும். கொள்ளைநோய் பரவியிருந்த காலம். தம்மை ஒருநாள் மன்னராக்குமாறு வேண்டிப் பெற்றார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் செல்லாது, எத்தெருக்களில் வீடுகள் மிகுதியாகத் துப்புரவு செய்யப்பட்டுள்ளனவோ அவ்வழியே செல்லும் என்று பறைசாற்றினார். ஊரே துடைப்பம் எடுத்தது. வண்டிவண்டியாகக் குப்பை வெளியேறிற்று. ஊர்வலத்தில் யானைகளுக்கும் விளைபொருள் வண்டிகளுக்கும் பின்னே அழுக்கரக்கனும் பெரிய எலியுருவமும் வந்தன. அவற்றுக்குப்பின், வெள்ளுடை தரித்து, மாலை சூடி, புதுத் துடைப்பம் ஏந்தித் துப்புரவுத் தொழிலாளர் நடந்தனர். யாரும் மதியாதவர்க்கு ஊர் நடுவே மாலை விழுந்த நாள் அது. முடிவில் அரக்கனும் எலியும் தீக்கிரையாயின. 1918இல் அவர் அளித்த இந்தூர் அறிக்கை இரு தொகுதிகளாக வெளிவந்தது. அவர் எழுதிய நகர் அறிக்கைகளில் அதுவே மிகப் பெரியது.

அதற்கு முந்தைய 1917ஆம் ஆண்டு அவர் வாழ்வைப் பிளந்தது. தம்முடன் இந்தியாவுக்கு வந்து துணைநின்ற மூத்த மகன் அலாஸ்டர், ஏப்ரலில் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். தந்தி வந்தபோது மனைவி ஆனா கடுங்காய்ச்சலில் கிடந்தார். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. மகன் முன்பு எழுதிய கடிதங்களையே எடுத்துப் புதியனபோல் படித்துக் காட்டிவந்தார். சூன் மாதம் ஆனா, மகன் இறந்ததை அறியாமலே கண்மூடினார். கெடிஸ் இந்தியாவை விட்டு நீங்கவில்லை.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதற் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். செடிக்கும் உணர்வுண்டு என்று ஆய்ந்தவரிடம் இந்தத் தாவரவியலார்க்கு ஈடுபாடு ஏற்பட்டதில் வியப்பில்லை. தாகூரும் சகோதரி நிவேதிதையும் அவர் நண்பர்கள். குறைகளும் இருந்தன. பேச்சு மடைதிறந்த வெள்ளம், எழுத்து சிக்கல். தொடங்கிய நூல் பல முடியவில்லை. பொறியாளர்களைத் திட்டிவிட்டு அவர்களிடமே திட்டத்தை ஒப்படைக்க நேர்ந்ததால், அறிக்கைகள் பெரும்பாலும் அலுவலக அலமாரியில் உறங்கின. 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. கருவி கிடைத்ததேயன்றி அவருடைய பொறுமை சட்டத்தோடு வரவில்லை.

1924இல் உடல்நலம் குன்றிப் பிரான்சின் மோன்பெலியே நகருக்குச் சென்றார். கல்லும் முள்ளுமான மேட்டில் கல்லூரி ஒன்று எழுப்பித் தோட்டமும் போட்டார். 1932இல் வீரப்பெருந்தகைப் பட்டம் பெற்ற சில மாதங்களில், ஏப்ரல் 17ஆம் நாள் அங்கேயே காலமானார். சிதறிக் கிடந்த இந்திய அறிக்கைகளிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து ஜாக்குலின் டிர்விட் என்னும் அம்மையார் ஒரே நூலாக்கி இலண்டனில் வெளியிட்ட ஆண்டு 1947. தஞ்சைக் கோட்டையின் வரைபடம், எந்த வீடு நிற்கவேண்டும், எந்தச் சந்து சற்றே விரியவேண்டும் என்ற குறிப்போடு அதில் இருக்கிறது.