டாப்ளர் சரிதம்

ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து தேனிக்கு வரும் இரயில்வண்டி நம்மை நோக்கி ஊதிக்கொண்டு வருகையில் அதன் ஒலி கூர்ந்தும், நம்மைத் தாண்டிச் சென்றவுடன் தணிந்தும் கேட்பதைக் கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த நாம் பலகாலும் கவனித்திருக்கிறோம். இதன் காரணத்தைக் கணக்கிட்டு உரைத்தவர் ஆஸ்திரிய நாட்டுப் பேராசிரியர் கிறிஸ்டியன் டாப்ளர். கண்ணில் ஓடும் குருதியின் வேகத்தை மருத்துவர் அளப்பதும் அவர் கண்ட விதியைக் கொண்டேயாதலின், அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

டாப்ளர் 1803-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் சால்ஸ்பர்க் நகரில் கற்றச்சர் குடும்பமொன்றில் பிறந்தார். உளி பிடிக்க உடலுரம் போதாமையின் கல்விக்கு அனுப்பப்பட்டார். வீயன்னாவில் கணிதம் கற்று, அங்கேயே நான்காண்டுகள் துணையாசிரியராயிருந்தார். அதன்பின் வேலை கிட்டவில்லை. பஞ்சாலையொன்றில் கணக்கெழுதிப் பிழைத்தார். மனம் வெறுத்து, உடைமைகளை விற்று, அமெரிக்கா செல்லத் துணிந்த வேளையில், 1835-இல் பிராகு நகரப் பள்ளியொன்றிலிருந்து அழைப்பு வந்தது. அஃது வந்திராவிடில் அவர் பெயரை நாம் கேட்டிருக்கவே மாட்டோம் என்று எண்ணுகிறோம்.

1842 மே 25-இல் பிராகு அறிஞர் கழகத்தில் தம் கருத்தை வெளியிட்டார். அலை பிறக்குமிடம் நம்மை அணுகினால் அலைகள் நெருங்கி வந்து சேரும். அகன்றால் இடைவிட்டு வரும் என்பது அதன் சாரம். இதனைக்கொண்டு இரட்டை விண்மீன்களின் நிறவேறுபாட்டை விளக்க முற்பட்டார். அங்கேதான் தவறினார். விண்மீனின் நிறம் பெரும்பாலும் அதன் வெப்பத்தைப் பொறுத்தது. விதி மெய், எடுத்துக்காட்டே பொய்.

1845-இல் ஹாலந்து நாட்டுப் பாய்ஸ் பாலட் என்பார் இதனைச் சோதித்தார். நீராவி வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் செய்து, பாதையோரத்தில் சுரஞானம் மிக்கோரை நிறுத்தினார். வண்டி நெருங்குகையில் சுரம் ஏறியும் அகல்கையில் இறங்கியும் கேட்டது. நம் நாதசுர வித்துவான்களைக் கொண்டும் இதனைச் செய்திருக்கலாம்! பாலட் ஒலியளவில் விதியை ஒப்பினார். விண்மீன் நிறத்தை மறுத்தார்.

1850-இல் டாப்ளர் வீயன்னாப் பல்கலைக்கழகத்து இயற்பியற் கழகத் தலைவரானார். ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1852-இல் கணித வல்லுநர் பெட்ஸ்வால் அவர் கொள்கையைக் கடுமையாக மறுத்தார். மார்புநோயால் மெலிந்திருந்த டாப்ளர் அவ்வாண்டின் இறுதியில் வெனிஸ் நகருக்குச் சென்று, 1853 மார்ச் 17-இல், 49-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

நூறாண்டு கழித்து, 1950-களில், ஜப்பானியரான சாத்தோமுரா மீயொலியை உடலினுள் செலுத்தி இவ்விதியைப் பயன்படுத்தினார். 1980-களின் இறுதியில் அம்முறை கண்ணுக்கும் வந்தது. மூடிய இமைமேல் கருவியை மெல்ல வைத்து, நொடிக்குச் சுமார் 75 இலட்சம் அதிர்வுகளையுடைய ஒலியை அனுப்புகின்றனர். விழித்திரைத் தமனியில் நொடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் விரையும் செவ்வணுக்கள் அதனைத் திருப்புகையில் ஏறக்குறைய 1000 அதிர்வுகள் வேறுபடுகின்றன. கருவியை நோக்கி வரும் குருதி திரையில் சிவப்பாகவும், அகல்வது நீலமாகவும் தோன்றும். டாப்ளர் வானத்தில் தேடிய நிறங்கள் இங்கே கணிப்பொறி தீட்டுவன.

கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோயின் பெருவகையில் பார்வை நரம்பு நோவின்றித் தேய்கிறது. தேனியில் 1985 முதல் மருத்துவமனை நடத்திவரும் அரவிந்த் நிறுவனத்தார், தென் தமிழகக் கிராமங்களில் 40 வயதெய்திய 5150 பேரைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 விழுக்காட்டினர்க்குக் கிளாக்கோமா இருந்தது. அப்பெருவகை உற்றோரில் பத்துக்கு ஒன்பது பேர்க்கு மேல் அதனை அறியாமலே இருந்தனர். கண்ணழுத்தம் இயல்பாயிருந்தும் சிலர்க்கு நரம்பு கெடுதலின், குருதியோட்டக் குறையே காரணமோ என்னும் ஐயம் எழுந்தது. டாப்ளர் முறையில் நிகழ்ந்த ஆய்வுகள் பலவற்றில் இந்நோயாளர் தமனிகளில் வேகம் குறைந்தும் தடை மிகுந்தும் காணப்பட்டன. அக்குறைவு நோயைப் பிறப்பித்ததா, நோயாற் பிறந்ததா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. ஆதலின் மருத்துவர் கண்ணழுத்தத்தைத் தணிக்கும் மருந்தையும் ஒளிக்கதிரையும் அறுவையையுமே கையாளுகின்றனர்.