மலை ஏறிய சைக்கிள் வீரர்

குலசேகரத்தைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டச் சாலைகளில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, ஏற்றம் எவ்வளவு கடினம் என்று தெரியும். வெறும் சைக்கிளில் ஏறுவது ஒரு கஷ்டம். பின்னால் ரப்பர் ஷீட் கட்டை வைத்துக்கொண்டு ஏறுவது இன்னொரு கஷ்டம். இரண்டையும் ஒரே கடிகாரத்தால் அளக்க முடியுமா?

உலகப் புகழ் பெற்ற சைக்கிள் வீரர் பாஸ்டோ கோப்பியின் வாழ்க்கையிலும் இந்தக் கேள்வி எழுகிறது.

கடைப் பையன்

1919-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, இத்தாலியில் கஸ்தெல்லானியா என்ற குக்கிராமத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் கோப்பி பிறந்தார். சிறு வயதிலேயே படிப்பை விட்டார். நோவி லிகுரே என்ற ஊரில் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வீடு வீடாகச் சைக்கிளில் இறைச்சி கொண்டு கொடுப்பது அவர் வேலை. அந்தச் சைக்கிளே அவரை உயர்த்தியது.

1940-ல் இத்தாலி சுற்றுப் பந்தயத்தில் வென்றார். அப்போது வயது 20! ஆனால் யுத்தம் குறுக்கிட்டது. 1943-ல் ஆப்பிரிக்காவில் போர்க் கைதியாகப் பிடிபட்டார். யுத்தம் முடிந்ததும் மீண்டும் சைக்கிள் ஏறினார். இத்தாலிப் பந்தயத்தை மொத்தம் 5 முறையும், பிரான்ஸ் பந்தயத்தை 1949, 1952 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார்.

21 வளைவுகள்

1952 ஜூலை 4. பிரான்சில் ஆல்ப் துவேஸ் மலை. அங்கே 21 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 14 கிலோ மீட்டர் ஏற்றம். 250 கிலோ மீட்டருக்கு மேல் மிதித்து வந்த பிறகே மலை தொடங்கியது. கோப்பி அதை 45 நிமிடம் 22 விநாடியில் ஏறி முதலாவதாக வந்தார்.

1997-ல் மற்றோர் இத்தாலியர், மார்கோ பந்தானி, அதே மலையை 37 நிமிடம் 35 விநாடியில் ஏறியதாகக் கணக்கு. ஏறக்குறைய 8 நிமிடம் குறைவு! அப்படியானால் பந்தானிதான் பெரியவரா?

அவசரப்படக் கூடாது. ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்பதிலேயே கணக்கெடுப்பவர்கள் வேறுபடுகிறார்கள். பந்தானி அன்று மிதித்த மொத்தத் தூரம் சுமார் 200 கிலோ மீட்டர்தான். அவர் சைக்கிளும் இலேசானது. 1999-ல் ரத்தப் பரிசோதனையில் வரம்பு மீறியிருந்ததால், இத்தாலிப் பந்தயத்திலிருந்து அவர் விலக்கப்பட்டார். ஊக்க மருந்து சாப்பிட்டதைக் கோப்பியும் ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் அந்தக் காலத்தில் அதற்குத் தடை இல்லை.

ஆகவே, கூட ஓடியவர்களோடு ஒப்பிடுவதே நியாயம். 1952-ல் இரண்டாவதாக வந்தவரைவிடக் கோப்பி 28 நிமிடம் முந்தியிருந்தார்! மற்றவர்கள் மனம் தளராமல் இருக்க, 2-வது பரிசுத் தொகையைப் பந்தயக்காரர்கள் இரட்டிப்பாக்கினார்கள்.

எமனாக வந்த காய்ச்சல்

1959 டிசம்பரில் கோப்பி ஆப்பிரிக்கா சென்று, மலேரியாவுடன் திரும்பினார். அது மலேரியா என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. உடன் சென்ற பிரெஞ்சு வீரர் ஜெமினியானிக்கும் அதே காய்ச்சல். அவருக்கு நோயைக் கண்டுபிடித்து, கொயினா கொடுத்தார்கள், பிழைத்தார். கோப்பி 1960 ஜனவரி 2-ந் தேதி இறந்தார். வயது 40 தான்.

குலசேகரத்து ஏற்றத்தில், ரப்பர் ஷீட் கட்டோடு மிதிப்பவரை வெறும் சைக்கிள்காரர் முந்திப் போகலாம். அதனால் அவர் பலசாலி ஆகிவிடமாட்டார். கோப்பியின் 45 நிமிடத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.