மைக் இல்லாத மேடை, ஐந்து கட்டை சுருதி, 27 வயதில் மரணம்... யார் இந்த எஸ்.ஜி.கிட்டப்பா?

கும்மிடிப்பூண்டி லைனில் அத்திப்பட்டிலோ எண்ணூரிலோ ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குகிறவர்களுக்கு வால்டாக்ஸ் ரோடு தெரியாமல் இருக்காது. லாரி செட், பார்சல் ஆபீஸ், மூட்டை சுமக்கும் ஆட்கள், எப்போதும் ஒரு டிராஃபிக். ஆனா சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ரோட்டுக்கு வேறொரு பெயரும் இருந்தது. நாடகக் கொட்டகை ரோடு என்று சொல்லும் அளவுக்கு அங்கிருந்த ஒற்றைவாடை தியேட்டர் பிரபலம். சினிமா பேசத் தொடங்காத காலம் அது. மக்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நாடகம் பார்க்கப் போய், விடிந்த பிறகுதான் வீடு திரும்புவார்கள்.

அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் யார் என்று கேட்டால் வரும் முதல் பெயர் எஸ்.ஜி.கிட்டப்பா. ஒரு சினிமாவில்கூட நடித்ததில்லை. அவர் பேசி நடித்த ஒரு காட்சிகூட இன்று பார்க்கக் கிடைக்காது. மிஞ்சியிருப்பது சில கிராமபோன் தட்டுகள் மட்டும்தான். ஆனா இன்றைக்கும் பழைய பாட்டு ரசிகர்கள் மத்தியில் அவர் பெயரைச் சொன்னால் ஒரு மரியாதை இருக்கிறது. ஏன்?

செங்கோட்டையில் இருந்து மேடைக்கு

1906 ஆகஸ்ட் 25ஆம் தேதி செங்கோட்டையில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். கிட்டன், கிட்டு, கிட்டப்பா என்று வீட்டில் கூப்பிட்டதே கடைசியில் ஊர் அறிந்த பெயராகிவிட்டது. முன்னால் வரும் எஸ் என்பது செங்கோட்டை, ஜி என்பது அப்பா கங்காதர ஐயர். செங்கோட்டை அப்போது தமிழ்நாட்டில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர் அது. 1956இல் மொழிவாரி மாநிலம் பிரிக்கும்போதுதான் நம்ம பக்கம் வந்தது.

வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. அண்ணன்மார் நாடகத்துக்குப் போனார்கள். கிட்டப்பாவும் ஐந்தாறு வயதிலேயே மேடை ஏறிவிட்டார். பள்ளிக்கூடப் படிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. இன்றைய கண்ணுக்கு அது குழந்தைத் தொழில். அன்றைக்கு ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வேளை சோறும் ஒரு தொழிலும் கிடைக்கும் இடம்.

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று இன்றும் கொண்டாடப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில்தான் சிறுவன் கிட்டப்பாவுக்குப் பாடம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று அன்றைக்கு மேடையில் ஓடிய பாதி நாடகம் சுவாமிகள் எழுதியது. பாட்டு, வசனம், அடவு எல்லாவற்றையும் பையன்கள் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். தப்பினால் அடி விழும். பெண் வேடமும் பையன்களே போடுவார்கள். கிட்டப்பாவும் ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்தவர்தான்.

அதன்பிறகு கன்னையா கம்பெனி. நாடக உலகில் பிரமாண்டம் என்ற சொல்லுக்கு அன்றைய அர்த்தம் கன்னையாதான். திரைச்சீலை, தந்திரக் காட்சி, நகை, பட்டு என்று மேடையிலேயே சொர்க்கத்தைக் காட்டியவர். அவருடைய தசாவதாரம் மாதக்கணக்கில் ஓடியது. அந்தக் கம்பெனியில்தான் கிட்டப்பா முன்னணி நடிகர் ஆனார். செட்டைப் பார்க்க வந்த கூட்டம், பாட்டைக் கேட்கத் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது.

அது என்ன 'ஐந்து கட்டை'?

கிட்டப்பாவைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்லும் ஒரு விஷயம் அவர் ஐந்து கட்டையில் பாடியவர் என்பது. கட்டை என்றால் ஹார்மோனியத்தில் இருக்கும் கட்டைதான். எந்தக் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொண்டு பாடுகிறோமோ அதுதான் நம்ம சுருதி. கர்நாடகக் கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கட்டையில் நிற்பார்கள். நாலு, ஐந்து என்பது வழக்கமாகப் பெண்கள் பாடும் சுருதி. ஒரு ஆண் அங்கே நின்றுகொண்டு, அதற்கும் மேலே தார ஸ்தாயியில் ஏறி, பிருகாவும் போட்டால்? கேட்கிறவர் கழுத்து நரம்புதான் புடைக்கும். கிட்டப்பாவுக்கு அது சர்வ சாதாரணம் என்பதுதான் அவரைக் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்த சங்கதி.

இதற்குக் காரணம் வெறும் திறமை மட்டும் இல்லை. தேவையும்தான். மைக் கிடையாது. ஓலைக் கொட்டகை, கேஸ் லைட், ஆயிரக்கணக்கில் ஜனம். குழந்தை அழும், சுண்டல்காரன் கூவுவான். தரை டிக்கெட்டில் கடைசியில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் போய்ச் சேர வேண்டும். கீழ் சுருதியில் பாடினால் முன் வரிசையோடு நின்றுவிடும். எனவே மேடை ஏறுகிறவன் சுருதியையும் ஏற்றியாக வேண்டும்.

ஐரோப்பாவில் ஓபரா பாடகர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. அவர்கள் கண்டுபிடித்த வழி வேறு. ஆண் குரலை டெனர், பாரிடோன், பாஸ் என்று மூன்றாகப் பிரித்தார்கள். டெனர் உயரம், பாஸ் அடித்தொண்டை, பாரிடோன் நடுவில். யாருக்கு எந்தக் குரலோ அதற்கேற்ற வேடம். ராஜாவோ வில்லனோ அப்பாவோ என்றால் பெரும்பாலும் பாரிடோனுக்கும் பாஸுக்கும் போகும். பக்கவாத்தியங்களின் சத்தத்தைத் தாண்டிக் கேட்பதற்காக, சுமார் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் குரலைக் கூர்மையாக்கும் பயிற்சியும் அவர்களுக்கு உண்டு. மனிதக் காது நன்றாகப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. நம்ம நாடக மேடையில் இந்தப் பிரிவினை எல்லாம் இல்லை. ராஜபார்ட் என்றால் உச்சத்தில் பாடணும், அவ்ளோதான். நல்ல கனமான குரல் இருந்தும் மேல் சுருதி எட்டவில்லை என்பதாலேயே எத்தனை பேர் பக்க வேடத்தில் நின்றுபோனார்களோ!

கிட்டப்பா பாடிய தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனை ஒரு நல்ல உதாரணம். தேவாமிர்தவர்ஷிணி என்ற, கச்சேரிகளில் அதிகம் கேட்காத ராகம். நாடக நடிகர் பாடி அது சந்துபொந்தெல்லாம் பரவியது. வள்ளலாரின் 'கோடையிலே இளைப்பாற்றி'யை விருத்தமாகப் பாடியதும் அப்படித்தான். ஏழுகிணறு பகுதியில் குடியிருந்து திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போய்வந்த வள்ளலாரின் பாட்டை, வடசென்னைக்காரர்கள் உட்படப் பலரும் மனப்பாடம் செய்தது கிட்டப்பாவின் தட்டு வழியாக.

கொழும்பில் நடந்த மோதல்

அன்றைய 'ஸ்பெஷல் நாடகம்' எப்படி நடக்கும் தெரியுமா? கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. காண்ட்ராக்டர் ஒருவர் ஓர் ஊரில் இருந்து ராஜபார்ட், இன்னொரு ஊரில் இருந்து ஸ்திரீபார்ட், வேறோர் இடத்தில் இருந்து பபூன் என்று தனித்தனியாக புக் செய்வார். எல்லோருக்கும் கதை தெரியும், பாட்டு தெரியும். நேராக மேடையில்தான் சந்திப்பு. வள்ளி திருமணத்தில் முருகனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும். பாட்டிலேயே கேள்வி, பாட்டிலேயே பதில். எதிராளி அசந்தால் காலி. ஜனம் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் திரும்பப் பாடித்தான் ஆக வேண்டும்.

1926இல் கொழும்பில் இப்படி ஒரு வள்ளி திருமணம். முருகனாக 20 வயது கிட்டப்பா. வள்ளியாக 18 வயது கே.பி.சுந்தராம்பாள். கொடுமுடியில் பிறந்து, சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கி, அங்கிருந்து நாடகத்துக்கு வந்தவர். இலங்கையில் அப்போதே அவருக்குப் பெரிய பெயர். கிட்டப்பாவோடு மேடை ஏறினால் உன் பெயர் கெட்டுவிடும், அந்தக் குரலுக்கு உன்னால் ஈடுகொடுக்க முடியாது என்று சிலர் அவரைப் பயமுறுத்தியதாகச் சொல்வார்கள். அவர் அசரவில்லை. அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்பதில் ரசிகர்கள் கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆனா மேடையில் இருந்த இருவரும் காதலில் விழுந்துவிட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கிட்டப்பாவுக்கு 1924இலேயே கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி பெயர் கிட்டம்மாள். சுந்தராம்பாள் வேறு சாதி. 1927இல் மாயவரம் கோயிலில் இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அன்றைய சட்டப்படி இந்து ஆண் இரண்டாவது கல்யாணம் செய்ய எந்தத் தடையும் இல்லை. சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்ததே 1949இல்தான். சட்டம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனா கிட்டப்பாவின் வீடு ஏற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த சில வருஷங்கள் இந்த ஜோடி கால் வைத்த ஊரெல்லாம் கூட்டம். இருவரும் சேர்ந்தே நாடகக் குழு நடத்தினார்கள். பக்கத்தில் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம். இருவரும் கதர் கட்டினார்கள், புராண நாடகத்தின் நடுவிலேயே தேசப் பாட்டும் பாடினார்கள். முருகன் கதைக்கும் காந்திக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. போலீஸ் மட்டும் கேட்டது.

குடும்ப வாழ்க்கை அப்படி இல்லை. குடிப்பழக்கம், சந்தேகம், சொந்தக்காரர்களின் தூபம் எல்லாம் சேர்ந்து இருவரையும் பிரித்தது. சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தையும் சில நாட்களில் இறந்துபோனது. அந்த நாட்களில் அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. ஆயிரக்கணக்கான பேரை ஒரு பாட்டில் கட்டிப்போட்ட பெண், ஒரு பதில் கடிதத்துக்காகக் கெஞ்சுவதும், உடனே கோபப்படுவதும், அதே கடிதத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் அதில் இருக்கிறது. இந்தக் காதலை 'தெய்வீகக் காதல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் அந்தக் கடிதங்களை ஒருமுறை படிக்கலாம். செங்கோட்டையில் இருந்த கிட்டம்மாளின் பக்கம் என்ன என்பதை எழுதிவைக்கவும் ஆள் இல்லை.

சினிமாவைத் தவறவிட்ட இரண்டு வருஷம்

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வெளியானது 1931 அக்டோபர் 31. படம் பேச ஆரம்பித்ததும் தயாரிப்பாளர்கள் தேடியது பாடத் தெரிந்த நாடக நடிகர்களைத்தான். எம்.கே.தியாகராஜ பாகவதர் 1934இல் 'பவளக்கொடி'யில் வந்து உச்சிக்குப் போனதும் அந்த வழியில்தான். அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர் கிட்டப்பா. ஆனா அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. வைத்தியம் பார்த்தும் முழுசாகத் தேறவில்லை. தேறாத உடம்போடு மேடையும் ஏறினார். 1933 டிசம்பர் 2ஆம் தேதி செங்கோட்டையில் இறந்தார். வயது 27.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்றில் இருந்து வெள்ளைப் புடவை, திருநீறு, துளசி மாலை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சினிமாக்காரர்கள் விடவில்லை. தொந்தரவைத் தவிர்க்கத்தான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். அதையும் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள். 1935இல் 'நந்தனார்' வந்தது. அதிலும் அவர் முடிவு மாறவில்லை. அவர் நடித்தது நந்தனாராக, ஆண் வேடத்தில். எதிரே வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். பிறகு 'மணிமேகலை', 'ஔவையார்', 'பூம்புகார்' என்று அவர் செய்ததெல்லாம் துறவி வேடமும் பாட்டி வேடமும்தான். மேலவை உறுப்பினர் ஆனார், 1970இல் பத்மஸ்ரீ வாங்கினார். 1980இல் இறக்கும்வரை அந்த வெள்ளைப் புடவை மாறவில்லை.

கிட்டப்பாவின் பாட்டு வேறு தொண்டைகளில் தொடர்ந்தது. அவர் பாணியை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தவர் டி.ஆர்.மகாலிங்கம். 1945இல் ஏவி.எம்-மின் 'ஸ்ரீ வள்ளி'யில் அவர் பாடிய 'காயாத கானகத்தே' பட்டிதொட்டியெல்லாம் ஹிட். அதே பாட்டை கிட்டப்பா மேடையில் பாடிக் கேட்டவர்கள் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்றால் நம்பலாம்.

இப்போது எங்கே கேட்பது?

யூடியூபில் தேடினால் கிட்டப்பாவின் பாட்டுகள் கிடைக்கும். கேட்கும் முன் ஒரு விஷயம். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்றுமேல்தான் இடம். மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடுகிற பாட்டை அதற்குள் அடைத்தாக வேண்டும். அதனால்தான் எல்லாம் ஓட்டமாக இருக்கும். இன்னொன்று, தட்டைச் சுற்ற வேண்டிய வேகத்தில் சுற்றாமல் பதிவேற்றியிருந்தால் சுருதியே மாறிவிடும். கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் நாலரைக் கட்டை ஐந்தாகிவிடும், மெதுவாகச் சுற்றினால் நாலாகிவிடும். கிட்டப்பா உண்மையில் எத்தனை கட்டையில் பாடினார் என்று கமெண்டில் நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம் இதுதான். ஒரே பாட்டின் இரண்டு மூன்று பதிவேற்றங்களை ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.