ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 - நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியங்கியல் அறிஞரும் ஆவார். கம்பியில்லாத் தொடர்பு, தாவரங்களின் உணர்திறன் ஆகியவை குறித்த ஆய்வுகளுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். தாவரங்கள் கார்பனை நிலைநிறுத்தும் முறை பற்றிய இவரது ஆய்வு அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்ற போஸ், 1885 ஆம் ஆண்டு கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். இந்தியர்களுக்கு ஐரோப்பியரை விடக் குறைந்த ஊதியம் வழங்கப்பட்டதை எதிர்த்து மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பணியாற்றினார். பின்னர் முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது. 1917 இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

ஐதரில்லா ஆய்வு

குளங்களிலும் வாய்க்கால்களிலும் வளரும் ஐதரில்லா என்னும் நீர்த்தாவரத்தைப் போஸ் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஒளிச்சேர்க்கையின்போது அது வெளியிடும் ஆக்சிசனைத் தானாகவே பதிவு செய்யும் கருவியையும் உருவாக்கினார். கோடைக்கால ஐதரில்லாவில் அமிலத்தன்மை மிகுந்திருப்பதையும், அத்தாவரம் மாலிக் அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடுக்கு மாற்றாகப் பயன்படுத்துவதையும் கண்டறிந்தார். இம்முடிவுகள் 1924 இல் நூலாக வெளிவந்தன.

இதற்கான நொதிகள் அப்போது அறியப்பட்டிருக்கவில்லை. பெரும்பாலான தாவரங்களிலும் பாசிகளிலும் கார்பன் டை ஆக்சைடைப் பிணைப்பது ருபிஸ்கோ என்னும் நொதியாகும். வெப்பம் மிகுந்து கார்பன் டை ஆக்சைடு குறையும்போது இந்நொதி ஆக்சிசனையும் பிணைப்பதால், சேர்த்த கார்பனில் ஒரு பகுதி வீணாகிறது. கோடைக்கால ஐதரில்லாவில் பெப் கார்பாக்சிலேசு என்னும் நொதி முதலில் கார்பனைப் பிணைக்க, மாலிக் அமிலம் உருவாகிறது. பின்னர் மாலிக் நொதி அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடை விடுவித்து ருபிஸ்கோவிற்கு அளிக்கிறது. இத்தகைய சி4 வழிமுறையைக் கரும்பில் ஹேட்ச், ஸ்லாக் ஆகியோர் 1960களில் விளக்கினர். ஐதரில்லாவின் நொதிகள் 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில் விரிவாக ஆராயப்பட்டன. அதன் பின்னரே போசின் முடிவுகளின் பொருள் தெளிவாயிற்று.

நெற்பயிருடன் தொடர்பு

தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகையில் கரும்பும் நெல்லும் ஒரே வெயிலில் விளைகின்றன. கரும்பு சி4 தாவரம். நெல்லில் இவ்வழிமுறை இல்லாததால், வெப்பம் கூடும்போது ருபிஸ்கோவினால் ஏற்படும் இழப்பும் கூடுகிறது. நெல்லில் சி4 வழிமுறையைப் புகுத்தும் முயற்சிகள் 21 ஆம் நூற்றாண்டில் மேற்கொள்ளப்பட்டுள்ளன. கரும்பில் இப்பணி இருவகைச் செல்களிடையே பகிர்ந்து நடைபெறுகிறது. நெல் இலையில் அத்தகைய அமைப்பை உருவாக்குவது கடினம். ஐதரில்லாவிலோ அனைத்தும் ஒரே செல்லுக்குள் நிகழ்கின்றன. போஸ் ஆராய்ந்த நீர்த்தாவரம் நெல் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெறுவதற்கு இதுவே காரணமாகும்.