வழக்கறிஞர் வ. உ. சிதம்பரனார்

கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல் என்றெல்லாம் நாம் போற்றும் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள், தம் குடும்பத்தைக் காத்தது சிற்றூர் வக்கீல் தொழிலால் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அன்னார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருநெல்வேலிச் சீமை ஒட்டப்பிடாரத்தில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராகப் பிறந்தார். தந்தையார் அவ்வூரில் பெயர்பெற்ற வக்கீல். மகனாரும் தாலுகா கச்சேரியில் சிறிது காலம் எழுத்தராக இருந்தபின், திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, பிளீடர் தேர்வில் தேறி, 1895இல் பிறந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்குகளைக் கட்டணம் பெறாமலும் ஏற்று நடத்தினார். போலீசார் தொடுத்த வழக்குகளில் எதிர்த்து நின்று வாதாடியதால் அதிகாரிகளின் பகை மூண்டது. 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே தொழில் செழித்தது. அந்நிலையிலும் தம் நலம் கருதாது 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றார். அவ்வாண்டே சிறைப்பட்டு, 40 ஆண்டுத் தீவாந்தர தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் துன்புற்று, 1912 டிசம்பரில் விடுதலையானார்.

சிறைக்கதவு திறந்தது; ஆனால் நீதிமன்றக் கதவு அடைபட்டிருந்தது. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னது பறிக்கப்பட்டது. கப்பல் நிறுவனமும் அழிந்துவிட்டது. பிறருக்காக வழக்காடிய பெருமகனார், மனைவி மக்களுடன் சென்னையில் சிறுகடை வைத்துப் பிழைக்கும் நிலைக்கு ஆளானார். பெற்ற மக்களுக்குச் சோறிடவும் கல்வி தரவும் அவர் பட்ட பாடு, செக்கிழுத்த துன்பத்திற்குச் சற்றும் குறைந்ததன்று.

வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி அச்சன்னது மீண்டும் கிடைக்க வழிசெய்தார். ஆங்கில ஆட்சியால் அனைத்தையும் இழந்தவர் வ.உ.சி. ஆயினும் அவ்வாட்சியின் நீதிபதி ஒருவர் செய்த நன்றியை மறவாது, தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். கொள்கையில் பகை, மனிதரிடத்தில் நன்றி என்னும் இரண்டும் அவருள்ளத்தில் ஒருங்கே இருந்தன.

பின்னர்க் கோவில்பட்டியில் வக்கீலாகத் தொழில் நடத்தினார். தொழிலுக்கிடையே தமிழ்த்தொண்டும் சைவத்தொண்டும் ஆற்றினார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்தார். சிவஞானபோதத்திற்கு அவர் எழுதிய உரை 1935இல் வெளிவந்தது. முன்பிருந்த செல்வம் இறுதிவரை திரும்பவில்லை. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் இறைவனடி சேர்ந்தார்.

அன்னார் மக்களுக்குப் பெருஞ்செல்வம் சேர்த்து வைக்கவில்லை. நேர்மை தவறாத தொழிலையும், வறுமையிலும் குன்றாத மானத்தையும், செய்ந்நன்றி மறவாத நெஞ்சத்தையும் விட்டுச் சென்றார். பிள்ளைகளை ஆளாக்கப் பாடுபடும் ஒவ்வொரு பெற்றோரும் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வு அவருடையது.