மூன்று தாய்மார் மரித்த இரவு

வேலூர் ஆஸ்பத்திரி என்றால் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் அதை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றி நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1870 டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார்கள். தாத்தாவும் தகப்பனாரும் மிஷனெரி டாக்டர்கள். ஆனால் இந்தப் பிள்ளைக்கோ மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம்! 1876-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பார்த்து மனம் கசந்துபோயிருந்தது. அமெரிக்காவில் படித்து அங்கேயே இருந்துவிட ஆசை. 1890இல் தாயாருக்குச் சுகமில்லை என்று திண்டிவனம் வந்தார்கள். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்ற எண்ணம்.

ஆனால் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் உயர்ஜாதி இந்து. மூன்று பேர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள். அப்பா டாக்டர், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஐடா கெஞ்சினார்கள். அந்நிய ஆண்பிள்ளை எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தது, சாவு மேளம் கேட்டது. மூன்று தாய்மாரும் மரித்துப்போனார்கள். பிரியமானவர்களே, கவனியுங்கள். டாக்டர் இல்லாமல் அவர்கள் சாகவில்லை. டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். வழக்கம் வாசலை அடைத்தது.

அந்த இரவில் ஐடா தேவனோடு போராடித் தன்னை ஒப்புக்கொடுத்தார்கள். அமெரிக்கா போய் 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார்கள். ஷெல் என்ற பணக்காரர், மரித்துப்போன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900இல் வேலூர் வந்தவுடனே தகப்பனாரும் இறந்துபோனார். ஆனாலும் பின்வாங்கவில்லை. வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியம் ஆரம்பம். கூட வேலைசெய்ய நர்ஸ் கிடையாது. சமையற்காரர் மனைவி சலோமிக்குக் கற்றுக்கொடுத்துத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். 1902இல் 40 படுக்கையுள்ள பெண்கள் ஆஸ்பத்திரி எழும்பியது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்து ஜனங்களுக்காகக் குடியாத்தம் சாலையில் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்தார்கள்.

ஒரு ஆள் எத்தனை வீட்டுக்கு ஓடுவது? நம்ம நாட்டுப் பெண்களே வைத்தியராக வேண்டும் என்று தரிசனம் கண்டார்கள். 1909இல் நர்ஸ் பயிற்சி. 1918 ஆகஸ்ட் 12இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேர் சேர்ந்தாலே அதிசயம் என்றார் பெரிய அதிகாரி ஒருவர். வந்ததோ 151 விண்ணப்பம்! ஆண் மாணவர்கள் பலர் தோற்ற முதல் பரீட்சையில், எழுதிய 14 பெண்களும் பாஸ்! அல்லேலூயா! பிற்பாடு அது கல்லூரியாக உயர்ந்து 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. ஐடா அம்மா விவாகம் செய்யவில்லை. ஓய்வுபெற்று கொடைக்கானலில் இருந்து, 1960 மே மாதம் 89ஆம் வயதில் கர்த்தருடைய இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? மருந்து எடுத்தால் விசுவாசம் இல்லை என்று நினைக்கிற சிலர் நம் நடுவிலும் உண்டு. தெய்வ சுகத்தை நானும் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். ஆனால் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளுக்கு நன்மை செய்தவர் நம் தேவன்தானே? ராகேல் பிரசவத்தில் மரித்த துக்கம் வேதத்தில் எழுதியிருக்கிறதே! ஜெபம் ஒரு கை, ஆஸ்பத்திரி ஒரு கை. இரண்டும் அவருடையதே.

2023இல் உலகமெங்கும் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் ஏறக்குறைய 2,60,000 தாய்மார் மரித்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல்! பத்தில் ஒன்பது பேருக்குமேல் ஏழை நாட்டுப் பெண்கள். இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம், கிருமித்தொற்று, இவைதான் முக்கியக் காரணம். பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. ஐடா அம்மா அன்று கேட்ட சாவு மேளம் இன்னும் ஓயவில்லை, பாருங்க.

ஆகவே சபையாரே, நம் சகோதரிகள் கர்ப்பமானால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். இரத்தப்போக்கோ, வலிப்போ, கடுமையான தலைவலியோ கண்டால் மாமியார் வரட்டும், புருஷன் வரட்டும் என்று காத்திராதேயுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். நமக்குக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். கையெழுத்துப் போடத் தயங்காதேயுங்கள். வாலிபரே, இரத்தம் கொடுக்க முன்வாருங்கள். தகப்பன்மாரே, படிக்க ஆசைப்படுகிற பெண்பிள்ளையைத் தடுக்காதேயுங்கள். ராத்திரியில் யாராவது உங்கள் கதவைத் தட்டினால் எழுந்து போங்கள்.

கர்த்தர் நம் தாய்மாரைக் காப்பாராக. ஆமென்.